இறக்குமதி மாட்டிறைச்சி: ஆய்வு வேறு, தரம் வேறு

கேள்வி: அமெரிக்காவில் விற்கப்படும் இறக்குமதி மாட்டிறைச்சி வேளாண் துறையின் ஆய்வைக் கடந்து வந்திருந்தால், அதை உயர்தரமானது என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது. ஆய்வு, இறைச்சி உண்ணத் தகுந்ததா என்பதை மட்டுமே பார்க்கிறது. அது சட்டப்படி கட்டாயம். ஏற்றுமதி செய்யும் நாட்டின் ஆய்வுமுறை அமெரிக்க முறைக்கு நிகரானது என ஏற்கப்பட்டிருக்க வேண்டும்; சரக்கு வந்திறங்கிய பின் மறு ஆய்வும் உண்டு. பிரைம், சாய்ஸ், செலக்ட் என்னும் தரங்களோ, இறைச்சி நிறுவனங்கள் தாமே விரும்பிக் கட்டணம் செலுத்திப் பெறுபவை. தசைக்குள் ஊடுருவியிருக்கும் கொழுப்பையும் விலங்கின் முதிர்ச்சியையும் பார்த்து, வெட்டிய முழு உடலுக்கு அளிக்கப்படுபவை. ஆகவே, எலும்பு நீக்கிப் பெட்டிகளில் வந்து கொத்திறைச்சியாகும் சரக்குக்கு அவை பொருந்துவதில்லை. மாட்டிறைச்சி எந்த நாட்டினது என்று குறிப்பிடும் கட்டாயம் 2015இல் நீக்கப்பட்டது வாங்குவோருக்கு இழப்பே என்பது என் உறுதியான கருத்து. 2026 ஜனவரி முதல், ‘அமெரிக்கத் தயாரிப்பு’ என்ற குறிப்பை, அங்கேயே பிறந்து, வளர்ந்து, வெட்டப்பட்ட விலங்கின் இறைச்சி அங்கேயே பதப்படுத்தப்பட்டிருந்தால் மட்டுமே இடலாம்.