ஃபின்னிஷ் மொழியில் 'இருந்து' என்று சொல்ல ஏன் இரண்டு விகுதிகள்? எதை எங்கே போடுவது?

நான் முதலில் மாட்டிக்கொண்டது ஒரு ஊர்ப் பெயரில்தான். ஹெல்சிங்கியை ஒட்டி வந்தா என்று ஒரு நகரம், விமான நிலையம் இருக்கும் இடம். (நம் காதுக்கு 'வந்தா' என்றே விழும்.) "வந்தாஸ்த வருகிறேன்" என்றேன். கூட வேலை செய்பவர் சிரித்துக்கொண்டே "வந்தால்த" என்று திருத்தினார். பக்கத்து ஊர் எஸ்போவுக்கோ 'எஸ்போஸ்த'தான்!

'ஸ்த' என்றால் உள்ளேயிருந்து. 'ல்த' என்றால் மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ. சாவியை டிராயரிலிருந்து எடுத்தால் ஸ்த, மேசை மேலிருந்து எடுத்தால் ல்த. ஊர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு முழுசாகச் செல்லாது. ஆறு, முனை என்று பொருள்படும் ஃபின்னிஷ் சொல்லில் முடியும் பெயர்கள் பெரும்பாலும் ல்த பக்கம் போகும்: ரோவனியெமி 'ரோவனியெமெல்த' ஆகும். வந்தாவும் ஆற்றின் பெயர்தான். ஆனால் இந்தியாவுக்கு ஸ்த, ரஷ்யாவுக்கு ல்த. இதற்கெல்லாம் காரணம் தேடாமல் ஊரோடு விகுதியையும் சேர்த்து மனப்பாடம் செய்துவிடுங்கள்.

ஆட்களிடமிருந்து வாங்கினால் எப்போதும் ல்த. இது நமக்குப் புதிதில்லை. 'பெட்டியிலிருந்து', 'அப்பாவிடமிருந்து' என்று நாமும் பிரித்துத்தானே பேசுகிறோம்? அங்கே அப்பா 'இசா'. 'இசல்த' வந்த கடிதம் அப்பா எழுதியது. அதையே 'இசஸ்த' என்றால் அப்பாவைப் பற்றியது ஆகிவிடும், ஏனென்றால் 'பற்றி' என்பதற்கும் ஸ்ததான்.

தமிழ்க் காதுக்கு உண்மையில் இடறுவது வினைச்சொற்கள். நாம் "சாவி டிராயரில் கிடைத்தது" என்போம். அவர்களுக்கு அது டிராயரிலிருந்து கிடைக்கிறது. கடையிலும் அப்படித்தான், கடையிலிருந்துதான் வாங்க வேண்டும். சாப்பாடு ருசித்தால் ருசிக்கு ல்த. "உன்னைப் பிடிக்கும்" என்பதோ 'பிதான் சினுஸ்த', அதாவது உன்னிலிருந்து பிடிக்கிறது! நம் ஐந்தாம் வேற்றுமைக்கு 'மலையின் வீழ் அருவி' என்று உதாரணம் படித்தோமே, அந்த நீங்கல் பொருளை வைத்து இந்த வாக்கியத்தை நான் எவ்வளவோ வளைத்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. அப்படியே சொல்லிப் பழகியதில் இப்போது வாயில் தானாக வருகிறது.

வீடு மட்டும் தனி. வீட்டிலிருந்து கிளம்பினால் ஸ்தவும் இல்லை, ல்தவும் இல்லை, 'கோதோஅ'. 'இருந்து' என்ற பொருளில் ஒரு காலத்தில் வழங்கிய பழைய விகுதியின் மிச்சம் அது. தூரத்திலிருந்து என்பதற்கான 'கவுகா'வும் அந்த வகைதான்.