பழைய கச்சேரிக் காட்சிக்கு அனுமதி வாங்கித் தருவதும் தொழில்தான்

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள், கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும், ஆனால் வேண்டாம் என்கிறாள். எந்நேரமும் பழைய இசை நிகழ்ச்சி வீடியோக்களைப் பார்த்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டே இருக்கிறாள். கடன் வாங்கியாவது அதில் சேர்க்கக் கூடாதா என்று பெரியப்பாவும் மாமாவும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தூக்கம் வரவில்லை என்ற வரியைப் படித்தபோது எனக்கும் கஷ்டமாக இருந்தது. பயப்படும்படி எதுவும் நடந்துவிடவில்லை.

சரி, ஆறுதல் அவ்வளவுதான். இனிச் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அவளைக் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்க்காதீர்கள். அந்தப் படிப்பில் குறை இல்லை, விரும்பிப் படிக்கிற பிள்ளைக்கு அது நல்ல படிப்பு. விருப்பமே இல்லாத பிள்ளை, கடன் வாங்கிய பணத்தில் நான்கு வருடம் அதைப் படித்துவிட்டு, அதையே உயிராக நினைத்துப் படித்தவர்களோடு வேலைக்கு வரிசையில் நிற்க வேண்டும். பெரியப்பா அந்த வரிசையில் நிற்கப் போவதில்லை. கடன் தவணையும் அவர் கட்டப் போவதில்லை.

நீங்கள் படம் எடுத்து அனுப்பிய நோட்டுப் பக்கத்தைப் பார்த்தேன். ஒரு வீடியோவுக்குப் பக்கத்தில், 'கீழே போட்டிருக்கும் வருடம் தப்பு, இந்த டிரம்மர் குழுவில் சேர்ந்ததே அடுத்த வருடம்தான்' என்று எழுதியிருக்கிறாள். இதை நீங்கள் பொழுதுபோக்கு என்கிறீர்கள். சம்பளம் கொடுத்து இதைச் செய்யச் சொல்கிற துறை ஒன்று இருக்கிறது.

இசையில் ஆர்வம் என்றதும் பாடகி, இசை ஆசிரியை, சவுண்ட் இன்ஜினியர் என்று வரிசையாகச் சொல்வார்கள். அவற்றை நீங்களே விசாரித்திருப்பீர்கள், விட்டுவிடுகிறேன். நான் சொல்வது, பழைய இசை நிகழ்ச்சிக் காட்சிகளைத் தேடி எடுத்து, ஆவணப்படங்களுக்கும் டிவி தொடர்களுக்கும் விளம்பரங்களுக்கும் அவற்றைப் பயன்படுத்தச் சட்டப்படி உரிமம் வாங்கித் தரும் வேலை. பழைய பதிவுகளைச் சேமித்து வைக்கும் காப்பகத்துக்கு ஆர்க்கைவ் என்று பெயர், தேடுகிறவர் ஆர்க்கைவ் ரிசர்ச்சர். அனுமதி வாங்குவதை கிளியரன்ஸ் என்கிறார்கள். மொத்தத்துக்கும் பொறுப்பு ஏற்பவர் ஆர்க்கைவ் புரொடியூசர்.

வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒரு பாடகி 1960களில் டிவியில் பாடிய காட்சியில் நாற்பது வினாடி ஒரு ஆவணப்படத்துக்கு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். யூடியூபில் இருக்கிறது. ஏற்றியவரிடம் கேட்டுப் பயனில்லை, அவர் யாரோ ஒரு ரசிகர். மூல டேப் யாரிடம் இருக்கிறது? அந்த டிவி நிலையம் இன்னும் இருக்கிறதா, கைமாறிவிட்டதா, காட்சிகளை விற்கும் பொறுப்பை வேறு ஆர்க்கைவ் நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறார்களா? சில நேரம் டேப்பே இருக்காது. அன்றைக்கு வீடியோ டேப் விலை அதிகம் என்பதால் ஒளிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு அதிலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிவு செய்தார்கள். பிபிசிகூட தன் இசை நிகழ்ச்சிகளில் நிறைய அப்படி இழந்திருக்கிறது.

டேப் கிடைத்து, விலையும் பேசியாயிற்று என்று வையுங்கள். கிடைத்தது கண்ணுக்குத் தெரியும் காட்சிக்கான உரிமை மட்டும்தான். பாட்டு வேறொருவர் சொத்து. மெட்டுப் போட்டவர், வரி எழுதியவர் ஆகியோரின் சார்பில் இருக்கும் மியூசிக் பப்ளிஷரிடம் சிங்க் லைசென்ஸ், அதாவது பாட்டைக் காட்சியோடு சேர்த்துப் பயன்படுத்தும் அனுமதி, வாங்க வேண்டும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து எழுதிய பாட்டு என்றால் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு பப்ளிஷர் இருக்கலாம். ஒருவர் மறுத்தாலும் பெரும்பாலும் காட்சி படத்தில் இருக்காது. அப்புறம் பாடியவர். அவர் இறந்திருந்தால் வாரிசுகள். அவருக்குப் பின்னால் நின்று வாத்தியம் வாசித்தவர்களுக்கு இசைக் கலைஞர்களின் யூனியன் வழியாகத் தொகை சேர வேண்டியிருக்கலாம்.

இதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்தப் பாடகி அன்று நிஜமாகவே பாடினாரா? அந்தக் கால டிவி நிகழ்ச்சிகள் பலவற்றில் இசைத்தட்டை ஓடவிட்டு வாயசைத்தார்கள். அப்படியென்றால் காதில் விழுவது ரெக்கார்டு கம்பெனியின் ஒலிப்பதிவு, அவர்களிடமும் அந்த ஒலிப்பதிவைப் பயன்படுத்தும் உரிமையை, அதாவது மாஸ்டர் உரிமையை, வாங்க வேண்டும். எப்படிக் கண்டுபிடிப்பது? மின் கிட்டாரில் வயர் செருகியிருக்கிறதா, டிரம்மோடு இருக்கும் சிம்பல் தட்டு ஆடாமலே சத்தம் வருகிறதா, இசைத்தட்டில் போலவே பாட்டு கடைசியில் மெல்லத் தேய்ந்து மறைகிறதா என்று பார்க்க வேண்டும். மேடையில் நேரடியாகப் பாடுகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் சத்தத்தை அப்படிக் குறைத்துக்கொண்டே போய் முடிப்பதில்லை. டிரம்மரை வைத்து வருடத்தைப் பிடித்த உங்கள் மகளுக்கு இந்தக் கண் ஏற்கெனவே இருக்கிறது.

விலை வினாடிக் கணக்கை மட்டும் பொறுத்ததல்ல. எந்தெந்த நாடு, எத்தனை வருடம், தியேட்டரா, டிவியா, ஓடிடியா, டிரெய்லரிலும் வருமா என்பதெல்லாம் சேர்ந்துதான் தொகை. பத்து வினாடி எடுத்தாலும் குறைந்தபட்ச நேரத்துக்கான கட்டணம் வாங்கும் ஆர்க்கைவ்கள் உண்டு. ஒரு பப்ளிஷருக்கு அதிகம் கொடுத்தால் மற்றவருக்கும் அதே அளவு கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் ஒப்பந்தத்தில் இருக்கலாம். கவனிக்காமல் கையெழுத்துப் போட்டால் பட்ஜெட் காலி.

உரிமத்தைக் குறைந்த வருடங்களுக்கு மட்டும் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 'ஐஸ் ஆன் தி பிரைஸ்' சாட்சி. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைச் சொல்லும் அந்தத் தொடர் 1987இல் ஒளிபரப்பாகத் தொடங்கியது. காட்சிகளுக்கும் பாட்டுகளுக்கும் வாங்கிய உரிமங்களில் பல 1990களில் காலாவதியாகின. அவ்வளவு முக்கியமான தொடரை டிவியில் போட முடியாமல் போனது. நிதி திரட்டி, மறுபடி அனுமதி வாங்கி, 2006இல்தான் திரும்ப ஒளிபரப்பினார்கள்.

கலைஞரின் சம்மதம் எவ்வளவு பெரியது என்பதற்கு அமெரிக்கப் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின் சாட்சி. 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் தேவாலயம் ஒன்றில் இரண்டு இரவுகள் அவர் பாடியதை இயக்குநர் சிட்னி பொல்லாக் படம்பிடித்தார். படத்தையும் ஒலியையும் பிறகு பொருத்த அடையாளமாக அடிக்கும் கிளாப் போர்டு இல்லாமல் எடுத்ததால் இரண்டையும் சேர்க்க முடியாமல் அது பெட்டிக்குள் போனது. பிற்காலத்தில் தொழில்நுட்பம் அந்தச் சிக்கலைத் தீர்த்தது. அனுமதிச் சிக்கலைத் தீர்க்கவில்லை. அரீத்தா நீதிமன்றம் போனார், 2015இல் ஒரு திரைப்பட விழாவில் திரையிடுவதற்குத் தடை விழுந்தது. 2018இல் அவர் மறைந்த பிறகு குடும்பத்தார் சம்மதத்தோடுதான் படம் வெளிவந்தது. செயற்கை நுண்ணறிவு வந்து இந்த வேலையை விழுங்கிவிடாதா என்று மாமா கேட்பார். முகத்தை அடையாளம் காண்பதை, பட்டியல் போடுவதை அது செய்யும். ஒரு பாடகியின் குடும்பத்தோடு மாதக்கணக்கில் பேசி நம்பிக்கை பெறுவது மனிதர்கள் செய்ய வேண்டியது. போலிக் காட்சிகள் பெருகப் பெருக, 'இது அசல், இந்த டேப்பிலிருந்து வந்தது' என்று உறுதி சொல்கிறவரின் தேவை கூடத்தான் செய்யும்.

இனிப் பணம். 'மீடியா மேனேஜ்மென்ட்' என்ற பெயரில் பெருந்தொகை கேட்கும் கல்லூரிகளின் பக்கமே போகாதீர்கள். வரலாறு, நூலக அறிவியல், இதழியல், இலக்கியம், இதில் எது குறைந்த செலவில் கிடைக்கிறதோ அது போதும். பதிப்புரிமைச் சட்டத்தைப் பிறகு குறுகிய படிப்பாகப் படித்துக்கொள்ளலாம். படிக்கும்போதே விடுமுறைகளில் டிவி நிலைய நூலகம், ரெக்கார்டு கம்பெனியின் லைசென்சிங் பிரிவு, ஆவணப்படம் எடுக்கும் சிறு நிறுவனம் என்று எங்காவது பயிற்சிக்குப் போகட்டும். லண்டனில் 1985 முதல் இயங்கும் ஃபோகல் இன்டர்நேஷனல் இந்தத் துறையினரின் அமைப்பு. அங்கே சிறந்த காட்சி ஆய்வாளருக்கென்றே விருது இருக்கிறது. அதை மாமாவிடம் காட்டுங்கள்.

மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் சம்பளம் குறைவு. பலருக்கும் படத்துக்குப் படம் ஒப்பந்தம்தான், இடையில் வேலை இல்லாத மாதங்கள் வரும். அதனால்தான் கடன் வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். தலையில் தவணை இல்லாத பெண்ணால் அந்த மாதங்களைத் தாண்ட முடியும்.

இன்னொன்று, இந்த வேலையில் பாட்டுக் கேட்கிற நேரத்தைவிட மின்னஞ்சலும் எக்செல்லும் அதிகம். அது அவளுக்கு ஒத்துவருமா என்பதை நீங்களும் நானும் ஊகிக்க வேண்டாம். இந்த விடுமுறையில் அவளுக்குப் பிடித்த ஒரே ஒரு பழைய காட்சியை எடுத்துக்கொள்ளட்டும். டேப் யாருடையது, பாட்டு யாருடையது, ஒலிப்பதிவு யாருடையது, மேடையில் இருப்பவர்கள் யார் யார், இவர்களில் யாருக்கு எந்த முகவரியில் எழுத வேண்டும் என்று ஒரு எக்செல் தாளில் நிரப்பச் சொல்லுங்கள். பாதியில் முட்டி நிற்பாள். அதற்கு மேலும் கிண்டிக்கொண்டிருந்தால் வரலாறு படிப்புக்கு விண்ணப்பம் போடுங்கள். சலித்துப்போய் மூடி வைத்துவிட்டால் எனக்கு எழுதுங்கள், வேறு வழி யோசிப்போம். அப்போதும் பெரியப்பா சொல்கிற படிப்புக்காகக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.