வாசகர் கேள்விகள்: வயிற்றுக்குள் போன பேருந்து

கேள்வி: மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள், பள்ளி நூலகத்திலிருந்து ‘மேஜிக் ஸ்கூல் பஸ்’ வரிசை நூல் ஒன்றை எடுத்து வந்தாள். அதில் ஒரு பேருந்து சுருங்கிச் சிறுவன் ஒருவனின் வயிற்றுக்குள் போகிறது. அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். பொய்யையும் மெய்யையும் இப்படிக் கலந்து கொடுத்தால், பொய்யையே அறிவியல் என்று நம்பிவிட மாட்டாளா?
— ஒரு வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: தங்கள் கவலை நியாயமானது. அந்த நூல்களை உருவாக்கியவர்களும் இதைப் பற்றி யோசித்திருக்கிறார்கள் என்பது ஒவ்வொரு நூலின் இறுதிப் பக்கத்தையும் பார்த்தால் விளங்கும். ஜோனா கோல் எழுத, புரூஸ் டீகன் படம் வரைய, அமெரிக்காவின் ஸ்கொலாஸ்டிக் பதிப்பகம் இவ்வரிசையின் முதல் நூலை 1986-இல் வெளியிட்டது. தங்கள் மகள் படிப்பது 1989-இல் வந்த, மனித உடலுக்குள் செல்லும் கதை. ஆசிரியை ஃபிரிஸில் தம் வகுப்பைச் சுற்றுலா அழைத்துச் செல்கிறார்; மதிய உணவுக்குப் பிறகு பேருந்தில் ஏறத் தவறிய அர்னால்டு, சுருங்கிப்போன அந்தப் பேருந்தை நொறுக்குத் தீனியோடு சேர்த்து விழுங்கிவிடுகிறான்.

இந்தக் கதையில் பெரிய பொய் ஒன்றுதான்: பேருந்து சுருங்கியது. அதை நாம் ஒப்புக்கொண்ட பிறகு, பேருந்து உடலின் ஒழுங்கை மீறுவதில்லை. இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்குப் போகிறது; அதன் உட்சுவரில் விரல்களைப் போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் வழியே இரத்தத்தில் கலக்கிறது; இதயத்தின் வலப்பக்கத்தில் நுழைந்து, நுரையீரலுக்குச் சென்று, ஆக்சிஜன் ஏறிய இரத்தத்தோடு இதயத்தின் இடப்பக்கத்துக்குத் திரும்பி, அதன் பிறகே மூளைக்குப் போகிறது. குறுக்குவழி எதுவும் இல்லை. நுரையீரலைத் தொடாமல் இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குப் போக முடியாது என்பதைப் பாடநூலில் மனப்பாடம் செய்த பிள்ளைகள் மறந்துவிடுவதுண்டு. அந்தப் பேருந்தில் பயணம் செய்த பிள்ளை எளிதில் மறப்பதில்லை. கடைசியில் வகுப்பு முழுவதும் அர்னால்டின் தும்மலில் வெளியே வந்து விழுகிறது. மூக்கை உறுத்தும் பொருளை உடல் அப்படித்தான் வெளியேற்றும். எனவே அங்கே நகைச்சுவையும் விளக்கமும் ஒன்றாகவே இருக்கின்றன. நகைச்சுவை நூல் ஒன்றை நல்லது, வெற்றுக் கூத்து என்று பிரித்தறிய நான் பார்ப்பது இதைத்தான்: சிரிப்பை எடுத்துவிட்டால் பாடமும் சேர்ந்து உதிர வேண்டும்.

பக்க ஓரங்களில் கோடிட்ட தாளில் மாணவர்கள் எழுதியவையாக வரும் சிறு குறிப்புகள் கதைக்கு உட்பட்டவை அல்ல. அவை மெய்யான செய்திகள். இவற்றுக்கெல்லாம் மேலாக, நூலின் முடிவில் ‘சரியா, தவறா’ என்று ஒரு சிறு தேர்வு இருக்கிறது. பள்ளிப் பேருந்து ஒருவரின் உடலுக்குள் புக முடியுமா என்பதே அதன் தொடக்கம். தாங்கள் கதையின் நடுவே குறுக்கிட்டு, “இது பொய், அது மெய்” என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். கடைசிப் பக்கம் வரை அவளைச் சிரிக்க விடுங்கள். பிறகு அந்தத் தேர்வை அவள் தங்களுக்கு வைக்கட்டும். எதை நம்பக் கூடாது என்பதை எட்டு வயதுக் குழந்தை எத்தனை உறுதியோடு எடுத்துச் சொல்கிறது என்பதைக் கண்டு தாங்கள் மகிழ்வீர்கள்.

கேள்வி: பேச்சுக் குமிழிகளும் குறிப்புகளும் நெருக்கியடித்துக் கிடக்கும் இப்பக்கங்களைப் பேரனுக்குத் தமிழில் எப்படிப் படித்துக் காட்டுவது?
— ஒரு தாத்தா, தஞ்சாவூர்

பதில்: முதல் முறை கதையை மட்டும் சொல்லுங்கள், குமிழிகள் இரண்டாம் முறைக்கு, ஓரக் குறிப்புகள் அவன் கேட்கும்போது. பெயர்களை மாற்ற வேண்டாம், ஆனால் பொருள்களுக்கு நம் வீட்டுப் பெயரைச் சொல்லுங்கள். முதல் நூலில் பிள்ளைகள் மழைத்துளிகளோடு விழுந்து, குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் வழியே பயணம் செய்து, பள்ளியின் குழாயிலிருந்து வெளியே வருகிறார்கள். வழியில் நீரில் கலக்கப்படும் ‘ஆலம்’ என்பது நம் படிகாரமே. கலங்கல் நீர் நிறைந்த கண்ணாடிக் குவளையில் சிட்டிகைப் படிகாரத் தூளைக் கலக்கி வைத்துவிட்டு, மண் திரண்டு அடியில் படிவதைப் பேரனைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நீரைக் குடிக்கக் கூடாது; கிருமிகளைக் கொல்ல அதற்குப் பின் குளோரின் தேவைப்படுகிறது என்பதை அந்த நூலே அடுத்த பக்கங்களில் சொல்லிவிடும்.

கேள்வி: எங்கள் பள்ளி நூலகத்தில் உள்ள இவ்வரிசையின் சூரியக் குடும்ப நூலில் புளூட்டோ ஒன்பதாவது கோளாக இருக்கிறது. பிழையான நூலை அலமாரியிலிருந்து நீக்கிவிடலாமா?
— ஓர் ஆசிரியர், விருதுநகர்

பதில்: நீக்க வேண்டாம் என்று தங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அந்நூல் 1990-இல் வந்தது. அன்று புளூட்டோ கோள்தான். 2006 ஆகஸ்டில் பிராகா நகரில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியம் கோளுக்கு மூன்று நிபந்தனைகளை வகுத்தது. சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பால் உருண்டை வடிவம் பெற்றிருக்க வேண்டும், தன் பாதையின் சுற்றுப்புறத்தைத் தன் ஆதிக்கத்தில் துப்புரவாக வைத்திருக்க வேண்டும். புளூட்டோ மூன்றாவதில் தேறாமல் குறுங்கோள் ஆயிற்று. நூலின் பின்பகுதியில் உள்ள அட்டவணையில் துணைக்கோள்களின் எண்ணிக்கையும் பழையதே. அந்நாளில் சனிக்கு 20-க்கும் குறைவான துணைக்கோள்களே அறியப்பட்டிருந்தன. இன்று அவை 200-ஐத் தாண்டிவிட்டன. பேருந்து ஒவ்வொரு கோளாகக் கடந்து செல்லும் வரிசையும், எடை கோளுக்குக் கோள் மாறுவதும் இன்றும் பிழையற்றவை; பூமியில் 30 கிலோ காட்டும் எடைப்பொறி, செவ்வாயில் ஏறத்தாழ 11 கிலோவே காட்டும்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நூலைக் கொடுத்து, மாறிப்போன செய்திகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கதையில் வரும் மாணவர்களைப் போலவே கோடிட்ட தாளில், கண்டுபிடித்தவரின் பெயரும் தேதியும் இட்டு எழுதி, உரிய பக்கத்தில் செருகி வையுங்கள். அடுத்த ஆண்டு அந்நூலை எடுக்கும் பிள்ளைக்கும் அந்தத் தாள் வேண்டியிருக்கும். சனியின் எண்ணிக்கை அதற்குள் மீண்டும் மாறியிருந்தால், அதன் கீழேயே எழுத இடமும் விட்டு வையுங்கள்.