கேள்வி-பதில்: வேலைநிறுத்தத்திற்கு 240 நாள் வாய்தா

கேள்வி: நியூயார்க்கில் சுரங்க ரயில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தால் சட்டவிரோதம் என்கிறார்கள். அதே பெருநகரப் போக்குவரத்து ஆணையத்தின் கீழ் இயங்கும் லாங் ஐலண்ட் புறநகர் ரயில் ஊழியர்களோ சட்டப்படியே நாள் குறித்து வேலைநிறுத்தம் அறிவிக்கிறார்கள். ஒரே முதலாளியின் கீழ் இரண்டு சட்டங்களா?

பதில்: ஆம், இரண்டு சட்டங்கள்தான். சுரங்க ரயில் ஊழியர்களைக் கட்டுப்படுத்துவது நியூயார்க் மாநிலத்தின் டெய்லர் சட்டம். அரசுப் பணியாளர்களின் வேலைநிறுத்தத்தைத் தடை செய்யும் இச்சட்டத்தின்படி, வேலைக்கு வராத ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு நாள் ஊதியம் பிடிக்கப்படும். 2005 டிசம்பரில் தடையை மீறி மூன்று நாள் ரயில்களை நிறுத்திய சங்கத்துக்கு நீதிமன்றம் 25 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அதன் தலைவர் சிறைக்கும் சென்றார்.

லாங் ஐலண்ட் ரயில் ஊழியர்களுக்குப் பொருந்துவது 1926-ஆம் ஆண்டின் ரயில்வே தொழிலாளர் சட்டம். இது மத்திய அரசின் சட்டம். தனியார் வசமிருந்த இந்த ரயில் பாதையை மாநிலம் 1966-இல் வாங்கிய பிறகும் அதுவே தொடர்ந்தது. 1980-இல் மாநில அரசு ஓர் உபாயம் செய்தது. ரயில் நிறுவனத்தின் சட்ட வடிவத்தையே மாற்றி, அதைப் பொதுநலக் கழகமாக்கி, ஊழியர்களை டெய்லர் சட்டத்துக்குள் கொண்டுவரப் பார்த்தது. பெயர்ப்பலகையை மாற்றினால் உரிமை போய்விடுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ரயில் இயக்குவது மாநில அரசுகளின் மரபான பணி அன்று, எனவே மத்திய சட்டமே செல்லும் என்று 1982 மார்ச்சில் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

கேள்வி: அப்படியானால் அந்த மத்திய சட்டம் வேலைநிறுத்தத்தை எப்படித் தடுக்கிறது?

பதில்: தடுப்பதில்லை, தள்ளிப்போடுகிறது. இச்சட்டத்தின் கீழ் ஊதிய ஒப்பந்தம் காலாவதியாவதே இல்லை. புதியது கையெழுத்தாகும் வரை பழைய நிபந்தனைகள் நீடிக்கும். பேச்சு முறிந்தால் தேசிய சமரச வாரியம் நடுவில் அமரும். அதன் முயற்சிக்குக் கால வரம்பு கிடையாது. இனிப் பயனில்லை என்று வாரியம் கைவிட்டால் 30 நாள் காத்திருக்க வேண்டும்.

பொதுப் பணத்தில் ஓடும் புறநகர் ரயில்களுக்கென்றே 1981-இல் ஒரு தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. சங்கமோ நிர்வாகமோ மாநில ஆளுநரோ கேட்டால், தகராறை விசாரித்துப் பரிந்துரை செய்ய அவசரகால வாரியம் ஒன்றைக் குடியரசுத் தலைவர் அமைத்தே தீர வேண்டும். 120 நாள் வரை சங்கம் வேலைநிறுத்தம் செய்யவோ நிர்வாகம் பணி நிபந்தனைகளை மாற்றவோ கூடாது. அதற்குள் முடியாவிட்டால், மீண்டும் ஒருவர் கேட்டதும் இரண்டாவது வாரியம் வரும். இன்னொரு 120 நாள் ஓடும்.

என் பார்வையில் சட்டத்தின் உண்மையான கூர்மை இந்த இரண்டாவது வாரியத்தில்தான் இருக்கிறது. இருதரப்பும் தத்தம் இறுதிக் கோரிக்கையைக் கொடுக்க வேண்டும். வாரியம் இரண்டில் ஒன்றை நியாயமானது என்று தேர்ந்தெடுக்கும். பாதிக்குப் பாதி என்று பேரம் முடித்துவைக்க அதற்கு இடமில்லை. எதிராளியின் தாள் தேர்வாகிவிடுமோ என்ற அச்சமே இருவரையும் மிகையாகக் கேட்காமல் தடுக்கும் என்பது கணக்கு. முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் நிர்வாகத்தின் தாள் தேர்வான பிறகும் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கினால், வேலைநிறுத்தக் காலத்தில் ரயில்வே வேலையிழப்புக் காப்பீட்டுத் தொகை ஊழியர்களுக்குக் கிடைக்காது.

கேள்வி: இத்தனை படிகளைத் தாண்டியும் ரயில்கள் நிற்கின்றனவே?

பதில்: நிற்கின்றன. 1987 ஜனவரியில் லாங் ஐலண்ட் ரயில்கள் 11 நாள் ஓடவில்லை. நாடாளுமன்றமே சட்டம் இயற்றி ஊழியர்களைத் தற்காலிகமாகத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. 2025 மே மாதம் நியூஜெர்சி டிரான்சிட் ரயில் ஓட்டுநர்கள், இரண்டு வாரியங்களும் வந்துபோன பின்னர், மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தனர். முடிவுத் தேதி எட்டு மாதம் தள்ளி இருக்கும் என்று தெரிந்தால், முதல் மாதத்திலேயே விட்டுக்கொடுக்க யார் முன்வருவார்கள்?

கேள்வி: மாநில ஆளுநருக்கு இதில் என்ன பங்கு?

பதில்: சட்டத்தில், வாரியம் கேட்டு விண்ணப்பிப்பது மட்டும்தான். நடைமுறையிலோ, போக்குவரத்து ஆணையத்தின் தலைவரை நியமிப்பவரே அவர். தேர்தலில் நின்று வாக்குக் கேட்பவரும் அவரே. 2014-இல் லாங் ஐலண்ட் தகராறில் இரண்டு வாரியங்களும் பெரும்பாலும் சங்கங்களின் பக்கமே சாய்ந்தன; நிர்வாகம் ஏற்கவில்லை. 17 சதவீத உயர்வில் இருவருக்கும் உடன்பாடு இருந்தது. அதை ஆறு ஆண்டுகளில் தர வேண்டும் என்றன சங்கங்கள், ஏழு ஆண்டுகளில்தான் தர இயலும் என்றது ஆணையம். வேலைநிறுத்தத்துக்கு மூன்று நாள் இருக்கையில், ஜூலை 17 அன்று, ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ இருதரப்பையும் தம் அலுவலகத்துக்கு அழைத்து உட்காரவைத்தார். இரண்டாவது வாரியத்துக்குச் சட்டம் அனுமதிக்காத அந்தப் பாதிக்குப் பாதி கணக்கே அங்கு கையெழுத்தானது: ஆறரை ஆண்டு.