கிராண்ட் பேயில் எங்கே உட்காருவது? கேள்வி பதில்

மொரீஷியஸின் வடக்குக் கரையில் உள்ள கிராண்ட் பேக்கு வந்து பதினாறு வருடமாகிறது. அதில் பத்து வருடம் பார் கவுண்டருக்குப் பின்னால் நின்றேன். இப்போது வேறு வேலை. ஆனாலும் ஊரிலிருந்து வருகிறவர்கள், இங்கேயே வேலை பார்க்கிற நம் ஆட்கள், எல்லோரும் என்னிடம் கேட்பது இந்த ஊர் பார்களைப் பற்றித்தான். சமீபத்தில் வந்த கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து: அண்ணா, நாங்கள் நாலு நண்பர்கள், ஐந்து நாள் தங்குகிறோம். இருப்பதிலேயே நல்ல பார் எது? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள்.

ஒரே பெயர் சொன்னால் உங்களை ஏமாற்றியதாகிவிடும் தம்பி. எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். இங்கே ஐந்து மணிக்கு அருமையாக இருக்கும் இடம் பத்து மணிக்கு வெறிச்சோடிவிடும். பத்து மணிக்கு நிற்க இடமில்லாத கடையில் ஐந்து மணிக்கு நாற்காலி துடைத்துக்கொண்டிருப்பார்கள். பாதிப் பேர் "அங்கே ஒன்றுமே இல்லை" என்று திரும்பி வருவது இதனால்தான்.

ஐந்திலிருந்து ஏழு வரை தண்ணீருக்குப் பக்கத்தில் இருங்கள். பீச் ஹவுஸ் அதற்குச் சரியான இடம். படகுகள் நங்கூரம் போட்டு நிற்கும் விரிகுடாவைப் பார்த்தபடி உட்காரலாம். தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறவர்கள் கூட்டம் அதிகம், பேச்சும் கொஞ்சம் சத்தமாகவே இருக்கும். எட்டு மணிக்கு மேல் பாட்டு வேண்டும் என்றால் பனானா பீச் கிளப். திறந்தவெளி, மேடையில் ஆள் பாடுவார், வெளிநாட்டுக்காரர்களும் உள்ளூர்க்காரர்களும் கலந்து நிற்பார்கள். பாட்டும் வேண்டும், சாப்பாடும் வேண்டும் என்றால் கடற்கரைச் சாலையிலேயே இருக்கும் கோகோலோகோவில் நிதானமாக உட்காரலாம். பதினொரு மணிக்குப் பிறகு ஆட்டம்தான். அதற்கு வெள்ளியும் சனியும் மட்டுமே உண்டு. செவ்வாய்க்கிழமை ராத்திரி பன்னிரண்டுக்கு இந்த ஊரில் நாய் குரைக்கிற சத்தம்தான் கேட்கும்.

கிளப்புகள் அடிக்கடி கை மாறும், பெயர் மாறும், மூடும். அதனால் அவற்றுக்கு மட்டும் போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

சென்னையிலிருந்து: ஜனவரியில் வருகிறோம். சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டே குடிக்க கிராண்ட் பேயில் எந்த மேசை?

ஜனவரி என்றால் கிராண்ட் பே வேண்டாம். இதைச் சொன்னால் என் பழைய முதலாளிகளுக்குப் பிடிக்காது, ஆனால் உண்மை. இந்த விரிகுடா வடக்கு, வடமேற்குப் பக்கமாகத் திறந்திருக்கிறது. ஜனவரியில் சூரியன் தென்மேற்கே சாய்ந்து இறங்கும். அதனால் பொய்ன்ட் ஓ கனோனியே நிலப்பகுதி குறுக்கே வந்து மறைத்துவிடும். வானம் சிவப்பதைப் பார்க்கலாம், சூரியன் தண்ணீரில் இறங்குவதைப் பார்க்க முடியாது. ஜூன், ஜூலையில் சூரியன் வடமேற்குப் பக்கம் வந்துவிடுவதால் இங்கிருந்தே ஓரளவு பார்க்கலாம்.

ஜனவரியில் பத்து நிமிடம் தெற்கே போய் த்ரூ ஓ பிஷ் கடற்கரையில் உட்காருங்கள், அது மேற்கு பார்த்த கரை. ஜனவரியில் ஏழு மணி வாக்கில் சூரியன் மறையும், ஜூனில் ஐந்தே முக்கால் வாக்கில். நம் ஊரைவிட இருட்டு சட்டென்று விழும் மாதிரி தோன்றும். ஆறே கால் மணிக்கெல்லாம் நாற்காலியைப் பிடித்துவிடுங்கள்.

மதுரையிலிருந்து: இங்கே என்ன பீர் நல்லது?

பீனிக்ஸ். 1963 முதல் தீவின் நடுவிலுள்ள பீனிக்ஸ் ஊரில் காய்ச்சுகிறார்கள், 5 சதவீதம். ஜில்லென்று இருந்தால் வேறெதுவும் வேண்டாம். இன்னும் காட்டம் வேண்டுபவர்களுக்கு ப்ளூ மார்லின், 6 சதவீதம். வெளிநாட்டு பீருக்கு இங்கே கூடுதல் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

தூத்துக்குடியிலிருந்து: பார்களில் பெரிய கண்ணாடி ஜாடியில் பழம் போட்டு ஊறவைத்திருக்கிறார்களே, அது என்ன? குடிக்கலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அதன் பெயர் ரும் அராஞ்ஜே. வெள்ளை ரம்மில் பழமோ, வெனிலாக் காயோ, இஞ்சியோ, எலுமிச்சைப் புல்லோ போட்டு மாதக்கணக்கில் மூடி வைப்பது. பக்கத்துத் தீவான ரீயூனியனிலும் இதே வழக்கம் உண்டு. நாங்கள் ஒரு ஜாடி அன்னாசியும் வெனிலாவும் போட்டு வைப்போம். முதல் வாரம் பழம் மஞ்சளாகவே இருக்கும், ரம் தண்ணீர் மாதிரி இருக்கும். மூன்றாவது மாதம் பார்த்தால் பழம் வெளுத்துச் சக்கை மாதிரி கிடக்கும், அதன் நிறமெல்லாம் ரம்முக்கு வந்து டீ டிகாக்ஷன் போல நிற்கும். வெனிலாக் காய் மட்டும் கறுப்பாக அடியில் படுத்திருக்கும். அப்போதுதான் மூடியைத் திறக்கலாம்.

ஒரு கடையில் இதை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதை வைத்து அந்தக் கடையையே எடைபோட்டுவிடலாம். நேராகக் கேளுங்கள்: எந்த ரம், எத்தனை மாதம்? பதில் டக்கென்று வந்தால் நல்ல கடை. "இது ஸ்பெஷல்" என்று மழுப்பினால் வேண்டாம். ஜாடியில் பழம் இன்னும் பளபளவென்று புதுசாக இருந்தால் ஊறவில்லை என்று அர்த்தம். அதில் சர்க்கரையை அள்ளிப் போட்டிருப்பார்கள். நாக்கில் முதலில் இனிப்பு வரும், பின்னாலேயே தொண்டை எரியும். நன்றாக ஊறியதில் இரண்டும் தனித்தனியாகத் தெரியாது.

சாப்பிட்டு முடித்தபின் சின்னக் கிளாஸில், ஐஸ் இல்லாமல், மெதுவாகக் குடிக்க வேண்டும். ஒரே மடக்கில் ஊற்றிக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும், மூன்று மாத வேலை அது.

திருச்சியிலிருந்து: நானும் என் தோழியும் மட்டும் வருகிறோம். இரண்டு பெண்கள் தனியாக பாரில் உட்கார்ந்தால் ஏதாவது பிரச்சனை வருமா?

இங்கே பெண்கள் பாரில் உட்காருவதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் அம்மா. கடற்கரைச் சாலையில் நான் மேலே சொன்ன மூன்று இடத்திலும் தைரியமாக உட்காரலாம். கவுண்டருக்குப் பக்கத்து மேசையாகக் கேளுங்கள், பணியாளர்கள் கண்ணில் இருப்பீர்கள். கிளாஸை விட்டுவிட்டு எழுந்து போனால் திரும்பி வந்து அதைக் குடிக்க வேண்டாம், புதிதாகக் கேளுங்கள். கவுண்டரில் நின்ற நாளில் நான் எல்லோருக்கும் சொன்னது இது. நள்ளிரவில் கடற்கரை ஓரமாக நடந்து திரும்பாதீர்கள். டாக்சியை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இதே தீவில் எபேன் என்ற ஊரில் வேலை பார்க்கும் தம்பி: ஐபிஎல் போடுகிற பப் இருக்கிறதா?

இது கால்பந்து ஊர் தம்பி. 1810 முதல் 1968 வரை ஆங்கிலேயர் ஆண்டும் கிரிக்கெட் இங்கே வேர் பிடிக்கவில்லை. மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல் என்றால் அண்ணன் தம்பிக்குள்ளேயே சண்டை வரும். சனிக்கிழமை இங்கிலாந்தில் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே ஆறு மணி, அவர்கள் குளிர்காலத்தில் ஏழு மணி. அந்த நேரத்தில் திரையை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். ஐபிஎல் இரவு ஆட்டம் நம் ஊரில் ஏழரை, இங்கே ஆறு. கால்பந்து இல்லாத வார நாளில், பத்துப் பேராக வருகிறோம் என்று முன்பே சொன்னால் தென்னாப்பிரிக்கர்கள் வந்து போகிற கடைகளில் போட்டுவிட வாய்ப்புண்டு. அவர்களுக்குக் கிரிக்கெட் புரியும்.

சேலத்திலிருந்து: நட்சத்திர ஹோட்டல் பார், கடற்கரை பார், சாதாரணக் கடை. விலை எவ்வளவு வித்தியாசம்?

முதலில் ஒரு கணக்கு. ஒரு மொரீஷியஸ் ரூபாய் நம் ரூபாயில் ஏறக்குறைய இரண்டு. மெனுவில் எண் சின்னதாகத் தெரிந்தால் இரட்டிப்பாக்கிப் பாருங்கள். விலையில் 15 சதவீத வரி சேர்ந்திருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹோட்டல்களில் ராயல் பாம் 1985இல் திறந்தது, பழைய கௌரவம். லக்ஸ் கிராண்ட் பே 2021இல் வந்தது, அதன் மொட்டை மாடியில் பிசு என்ற பார் இருக்கிறது. அங்கே தங்காதவர்கள் முன்பதிவு செய்துவிட்டுப் போக வேண்டும், அரை டிரவுசரோடு போகக் கூடாது. கல்யாண நாள் போல ஒரு நாளைக்குப் போகலாம். தினமும் போகிற இடமில்லை.

என் மனசுக்கு நெருக்கமானது சாலையின் உட்பக்கம் இருக்கும் சீனர் மளிகைக் கடைகள். ஓரமாக நாலு பிளாஸ்டிக் நாற்காலி, பீனிக்ஸ் பெரிய பாட்டில், தட்டில் கஜாக். கஜாக் என்பது நம் ஊர் சைடு டிஷ்தான். பொரித்த மீன், வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்ட பேய்க்கணவாய் சாலட், கருவாடு. மரக்கறிக்காரர்களுக்கு காத்தோ பிமான் உண்டு. நம் பருப்பு வடையின் தம்பி அது, கொஞ்சம் சிறியது, மிளகாய் கொஞ்சம் தூக்கல். மீன் பொரித்த எண்ணெயிலேயே போடுவார்கள் என்பதால் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். நீங்கள் உள்ளே நுழையும்போது நாலு பேருக்கும் "போன்சுவார்" (மாலை வணக்கம்) சொல்லுங்கள். பேச்சு தானாக ஆரம்பிக்கும். பெயரில் "சாமி"யோ "அம்மாள்"ளோ ஒட்டியிருக்கிற, இந்த ஊர் மொழியான கிரியோல் பேசும் தாத்தா ஒருவர், தன் கொள்ளுத்தாத்தா எந்த ஊர் என்று உங்களிடம் கேட்பார். எனக்கு அப்படி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

ஈரோட்டிலிருந்து: வாடகைக் கார் எடுக்கிறோம். இரண்டு பீர் குடித்துவிட்டு ஓட்டலாம் இல்லையா?

கூடாது. இங்கே வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 20 மில்லிகிராம். நம் ஊரில் 30. ஒரே ஒரு பீரே உங்களை மாட்டவைத்துவிடும். அபராதத்தை விடுங்கள். கடற்கரைச் சாலை குறுகலானது, பல இடங்களில் நடைபாதை கிடையாது, மக்கள் இருட்டில் ஓரமாக நடந்து போவார்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு பையன் ஷிப்ட் முடிந்து இரண்டு கிளாஸ் போட்டுவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பினான். "பக்கம்தானே" என்றான். நானும் சாவியைப் பிடுங்கவில்லை. ஒரு வளைவில் விழுந்து ஆறு மாதம் கால் கட்டோடு கிடந்தான். அந்த ராத்திரி இன்னும் எனக்குள் இருக்கிறது.

சாயங்காலத்துக்கு மேல் பஸ்ஸை நம்பாதீர்கள், சீக்கிரமே நின்றுவிடும். டாக்சியில் மீட்டர் போட மாட்டார்கள், ஏறும் முன்பே தொகையைப் பேசி முடித்துவிடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: தைப்பூசத்தன்று அங்கே இருப்போம். பார்கள் திறந்திருக்குமா?

தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை. பார்கள் திறந்துதான் இருக்கும், ஆனால் நம் தமிழ்ப் பிள்ளைகள் பலர் வேலைக்கு வரமாட்டார்கள். பத்து நாள் விரதம் இருந்து காவடி எடுப்பார்கள். கிராண்ட் பே கடற்கரைச் சாலையிலேயே சூர்ய உதய சங்கம் கோவில் இருக்கிறது. அன்றைக்குக் காலையில் அங்கே போய்விட்டு வாருங்கள் ஐயா, பார் மறுநாளும் இருக்கும். இன்னொன்று, அது புயல் காலமும்கூட. மூன்றாம் நிலை எச்சரிக்கை வந்துவிட்டால் கடை, பஸ் எல்லாம் நின்றுவிடும். ஹோட்டலிலேயே இருங்கள்.

திருநெல்வேலியிலிருந்து: குடிக்காத என் மனைவியையும் கூட்டிக்கொண்டு எங்கே போகலாம்?

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் மோன் ஷுவாஸி கடற்கரைக்குப் போங்கள். பார் இல்லை, சவுக்கு மரங்கள்தான். குடும்பம் குடும்பமாகப் பானை சட்டியோடு வந்திருப்பார்கள். யாராவது சேகா வாசிக்கத் தொடங்குவார்கள், இந்தத் தீவின் பாட்டும் ஆட்டமும் சேர்ந்தது அது. ரவான் என்று ஒரு பறை, ஆட்டுத்தோல் கட்டியது. வாசிக்கும் முன் சருகு கூட்டிக் கொளுத்தி, அந்த அனலில் தோலைக் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடி காட்டுவார்கள். நம் ஊர் பறையைக் காய்ச்சுகிற அதே கைப்பக்குவம். 2014இல் யுனெஸ்கோ சேகாவைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஹோட்டலில் பாவாடை சுழற்றி ஆடிக்காட்டும் சேகாவைவிட இது எனக்கு நூறு மடங்கு பிடிக்கும். உங்கள் மனைவி குடிக்க இளநீர், புளி ஜூஸ் கிடைக்கும்.

மறுபடியும் கோயம்புத்தூர்த் தம்பி: ஊருக்கு ஒரு பாட்டில் எடுத்து வர எது?

ஷமரெல் ரம். தென்மேற்கு மலையில் 2008இல் திறந்த வடிசாலை, கரும்புச் சாற்றிலிருந்தே வடிக்கிறார்கள். இந்தியாவுக்குள் ஒருவருக்கு இரண்டு லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டு வரலாம். மும்பையில் விமானம் மாறுவதாக இருந்தால் கைப்பையில் வைக்காதீர்கள், அங்கே மறுபடி சோதனை உண்டு. இரண்டு டீ-ஷர்ட்டில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வையுங்கள்.