ஜூன் 16-ல் ஜோகன்னஸ்பர்க் ஏன் போன் எடுக்கவில்லை?

கேள்வி: சார், பெருங்குடியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எங்கள் கிளையண்ட் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்கில். ஜூன் 16 அன்று முழுக்க மெயிலுக்குப் பதில் இல்லை, போனும் எடுக்கவில்லை. மறுநாள் கேட்டால் ‘யூத் டே லீவு’ என்றார்கள். அவர்கள் அனுப்பிய லீவு பட்டியலில் மார்ச் 21, ஆகஸ்ட் 9, டிசம்பர் 16 எல்லாம் இருக்கிறது, மண்டேலா பிறந்தநாளைக் காணோம். இதெல்லாம் என்ன நாட்கள்? - ஒரு வாசகி, மடிப்பாக்கம்

பதில்: இளைஞர் தினம் என்றதும் ஏதோ கொண்டாட்டம் என்றுதான் தோன்றும். அது பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுடப்பட்ட நாள். ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டி, கறுப்பின மக்களைத் தனியாக ஒதுக்கிவைத்திருந்த பகுதி சொவேட்டோ. அங்கே கணக்கு உட்படப் பாதிப் பாடங்களை ஆப்பிரிக்கான்ஸ் மொழியில்தான் படிக்கவேண்டும் என்று வெள்ளையர் அரசு கட்டாயப்படுத்தியது. பிள்ளைகளுக்கு அது வீட்டில் பேசும் மொழியும் இல்லை, தங்களை அடக்கி ஆள்பவர்களின் மொழி வேறு. 1976 ஜூன் 16 காலை ஆயிரக்கணக்கான மாணவர்கள் யூனிஃபார்மோடு ஊர்வலம் போனார்கள், போலீஸ் சுட்டது. 12 வயது ஹெக்டர் பீட்டர்சனை ஒரு பையன் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு ஓடுகிறான், பக்கத்திலேயே ஹெக்டரின் அக்கா கையை விரித்துக் கதறியபடி ஓடுகிறாள்: சாம் நிசிமா எடுத்த அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தால் மறக்க முடியாது. அடுத்த சில மாதங்களில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள்.

நமக்கு இதை அதிகம் விளக்கவேண்டியதே இல்லை. எழும்பூரில் சி.எம்.டி.ஏ. இருக்கும் கட்டடத்தின் பெயர் தாளமுத்து நடராசன் மாளிகை. கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறைக்குப் போய் 1939-ல் உயிர்விட்ட இருவரின் பெயர் அது. பிளான் அப்ரூவலுக்கு அங்கே போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று அந்தப் பெயரைப் படித்தால் சொவேட்டோ தானாகவே புரிந்துவிடும்.

அடுத்து மார்ச் 21. அந்த நாட்டில் கறுப்பர்கள் எங்கே போனாலும் பாஸ் புத்தகம் வைத்திருக்கவேண்டும், இல்லையென்றால் கைது. 1960-ல் ஷார்ப்வில்லில் மக்கள் பாஸை வீட்டிலேயே வைத்துவிட்டு, ‘கைது செய்துகொள்’ என்று போலீஸ் ஸ்டேஷன் முன்னால் போய்க் கூடினார்கள். துப்பாக்கிச் சூட்டில் 69 பேர் இறந்தார்கள், பலருக்கு முதுகில்தான் குண்டு. அது இன்று மனித உரிமை நாள். ஆகஸ்ட் 9-க்கும் காரணம் அதே பாஸ்தான். அதைப் பெண்களுக்கும் நீட்டப் பார்த்தபோது 1956-ல் சுமார் 20,000 பெண்கள், சிலர் முதுகில் கைக்குழந்தையைக் கட்டிக்கொண்டு, பிரிட்டோரியாவில் அரசுத் தலைமையகத்துக்குப் போனார்கள். பிரதமர் அவர்களைச் சந்திக்கவில்லை. கையெழுத்துப் போட்ட மனுக்களைக் கட்டுக் கட்டாக அவர் அலுவலகத்தில் வைத்துவிட்டு, வெளியே வந்து அரைமணி நேரம் வாயே திறக்காமல் நின்றார்கள். இருபதாயிரம் பேர் சேர்ந்து அரைமணி நேரம் மௌனமாக நிற்பதை நினைத்துப் பாருங்கள்!

டிசம்பர் 16 கதை வேறு. 1838-ல் அதே தேதியில் ஓர் ஆற்றங்கரையில் டச்சு வம்சாவளி வெள்ளையர்கள் ஜூலு படையைத் தோற்கடித்தார்கள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜூலுக்கள் மாண்டார்கள். ஜெயித்தால் இந்த நாளைக் கடவுளுக்கென்று வைப்போம் என்று போருக்கு முன்னாலேயே நேர்ந்துகொண்டிருந்ததால், பிற்பாடு வெள்ளையர் ஆட்சியில் அது புனித நாளாக நடந்தது. மண்டேலாவின் கட்சி 1961-ல் ஆயுதப் போராட்டத்தைத் தொடங்கியதும் அதே டிசம்பர் 16-ல்தான். ஆக ஒரே நாள், ஒரு தரப்புக்கு வெற்றித் திருநாள், இன்னொரு தரப்புக்குப் போராட்ட நாள். 1994-ல் வெள்ளையர் ஆட்சி முடிந்து வந்த அரசு தேதியில் கை வைக்காமல் பெயரை மட்டும் நல்லிணக்க நாள் என்று மாற்றியது. நேற்றுவரை மிதித்தவனுக்கும் இந்த நாளில் பங்கு உண்டு என்று ஒத்துக்கொள்ள எவ்வளவு மனது வேண்டும்! எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது.

மண்டேலாவுக்கு வருகிறேன். அவர் பிறந்த ஜூலை 18 அங்கே லீவு நாள் கிடையாது. அவர் பொதுவாழ்வில் இருந்த 67 ஆண்டுகளுக்காக அன்று 67 நிமிடம் ஏதாவது நல்ல காரியம் செய்யச் சொல்கிறார்கள். வருடத்துக்கு 12 பொது விடுமுறை, அதில் ஒன்றுகூட எந்தத் தலைவரின் பிறந்தநாளும் இல்லை. எல்லோரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தல் நாளான ஏப்ரல் 27-க்குத்தான் விடுமுறை. அப்புறம், லீவு ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் திங்களும் லீவு, உங்கள் காலண்டரில் இப்போதே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அங்கே இவ்வளவு தமிழர்கள் இருக்கிறார்களே, தீபாவளிக்கு லீவு உண்டா? - ஒரு வாசகர், ராயபுரம்

பதில்: பொது விடுமுறை இல்லை. 1860 நவம்பர் 16-ல் டர்பனில் வந்து இறங்கிய ‘ட்ரூரோ’ கப்பல் உங்கள் ராயபுரத்துக்குப் பக்கத்திலிருந்து, மதராஸிலிருந்துதான் கிளம்பியது. கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக 342 பேர் அதில் போனார்கள். அந்தத் தேதிக்கும் அங்கே விடுமுறை இல்லை, குடும்பங்களும் சங்கங்களும் தாங்களாகவே அதை நினைவுகூர்கிறார்கள். ஆனால் குட் ஃப்ரைடேவுக்கு நாடு முழுக்க லீவு. அன்றைக்கு டர்பன் பக்கம் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் போய்ப் பாருங்கள், கூட்டம் அலைமோதும், திருவிழாவே அப்போதுதான்.