வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை இல்லாமல் இருந்திருந்தால் ஹிட்லர் வந்திருப்பாரா?

கேள்வியின் கடைசியில் "ஐந்து பாயிண்ட்டில் சொல்லவும்" என்று போட்டிருக்கிறீர்கள். ஏதோ தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ஐந்து பாயிண்ட் எந்த கைடிலும் கிடைக்கும்: முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி மேல் வென்ற நாடுகள் திணித்த இந்த உடன்படிக்கையில் போர்ப்பழியை ஜெர்மனி தலையில் கட்டினார்கள், இழப்பீடு கேட்டார்கள், நிலத்தைப் பிடுங்கினார்கள், படையை ஒரு லட்சமாகக் குறைத்தார்கள், மக்களுக்குக் கோபம் வந்து ஹிட்லர் வந்தார். எனக்கு அந்த ஐந்தாவது பாயிண்ட்டோடு ஒரு தகராறு உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். படித்தது பி.காம். "வரலாறு படிக்காதவன் எதற்கு வரலாறு பேசுகிறாய்" என்று கேட்க வருபவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம். என்னிடம் படிக்கும் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பள்ளித் தேர்வில் இதே கேள்விக்கு இப்படி எழுதியிருந்தாள்: 1928 மே மாதத் தேர்தலில் ஹிட்லரின் நாஜிக் கட்சிக்கு 2.6 சதவீத ஓட்டு. 1932 ஜூலையில் 37 சதவீதம். உடன்படிக்கை 1919இலேயே கையெழுத்தாகிவிட்டது. அதுதான் முழுக் காரணம் என்றால் 1928இல் ஏன் யாரும் ஓட்டுப் போடவில்லை?

ஐந்துக்கு இரண்டு மார்க். 2.6 என்ற எண்ணின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் "தேவையற்றது".

அவள் அப்பா துறைமுகத்தில் மீன் ஏற்றும் வண்டி ஓட்டுகிறார். "நீங்களும் கூட வாங்க சார், எனக்குப் பேசத் தெரியாது" என்றார். போனோம்.

"மிஸ், பொண்ணு தப்பா எழுதியிருக்காளா?"

"தப்புன்னு நான் சொல்லலையே சார். ஆன்சர் கீயில இல்லை. கீயில இல்லாததுக்கு நான் எப்படி மார்க் போடறது?"

அந்த டீச்சர் மேல் எனக்குக் கோபம் இல்லை, நாற்பது ஐம்பது பேப்பர் திருத்துகிறவருக்கு வேறு வழி இல்லை. பள்ளி பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1923இல் பிரெஞ்சுப் படையும் பெல்ஜியப் படையும் ஜெர்மனியின் ரூர் தொழில் பகுதிக்குள் புகுந்தன. ஜெர்மனியின் மார்க் நாணயம் காகிதமாகிப் போனது. கோபத்தால் ஹிட்லர் வருவதென்றால் அந்த வருஷமே வந்திருக்க வேண்டும். நவம்பரில் மியூனிக்கில் ஆட்சியைப் பிடிக்க முயன்றும் பார்த்தார், ஜெயிலுக்குத்தான் போனார். அடுத்த வருஷம் இழப்பீட்டுத் தவணையை இலகுவாக்கிய டாஸ் திட்டம் வந்தது, அமெரிக்கக் கடன் வந்தது, வேலை கிடைத்தது, கூச்சலும் அடங்கியது. அந்த நிம்மதியின் நடுவில்தான் அந்த 2.6 சதவீதம். பிறகு 1929இல் அமெரிக்கப் பங்குச் சந்தை விழுந்தது, கடன் கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்டார்கள். 1932 தொடக்கத்தில் ஜெர்மனியில் வேலையில்லாதவர்கள் ஏறத்தாழ 60 லட்சம். அந்த நேரம் பார்த்து சான்சலர் (நம் ஊர் பிரதமர் மாதிரி) பிரூனிங்கின் அரசாங்கம் சம்பளத்தையும் உதவித்தொகையையும் வெட்டியது. இன்னொன்று: லோசான் மாநாட்டில் இழப்பீட்டுக் கடனைக் கிட்டத்தட்ட ரத்து செய்தது 1932 ஜூலை 9. ஹிட்லர் 37 சதவீதம் வாங்கியது அதே மாதம் 31. பணச்சுமை இறங்கிய மாதத்தில் அவர் உச்சத்துக்குப் போகிறார்!

"அப்படியானால் உடன்படிக்கைக்குப் பங்கே இல்லையா?" என்று கிளம்பாதீர்கள். இருக்கிறது, ஆனால் கைடில் சொல்கிற இடத்தில் இல்லை. போரை நடத்தித் தோற்றவர்கள் தளபதிகள் ஹிண்டன்பர்க்கும் லூடன்டார்ஃபும். போர்நிறுத்தத்தில் கையெழுத்துப் போட பிரான்ஸின் கொம்பியேன் காட்டுக்கு, ரயில் பெட்டிக்குள் அனுப்பப்பட்டவரோ எர்ஸ்பெர்கர் என்ற சிவிலியன் அரசியல்வாதி. 1919 ஜூன் 28இல் வெர்செய்ல்ஸில் கையெழுத்துப் போட்டவர்களும் புதுக் குடியரசின் இரண்டு அமைச்சர்கள்தான். தோற்றவன் ஒருத்தன், தோல்விப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவன் இன்னொருத்தன். அந்த வருஷம் நவம்பரிலேயே ஹிண்டன்பர்க் நாடாளுமன்ற விசாரணைக் குழு முன்னால் போய், படை தோற்கவில்லை, முதுகில் குத்தப்பட்டது என்று சாட்சி சொல்லிவிட்டு வந்தார். ஜனங்களுக்கும் அது உண்மை மாதிரிதான் பட்டது. போர் நின்றபோது எதிரிப் படை பெர்லின் பக்கமே வரவில்லையே! எர்ஸ்பெர்கரை 1921இல் சுட்டுக் கொன்றார்கள். ஹிண்டன்பர்க்கை 1925இல் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1933 ஜனவரி 30இல் ஹிட்லரைச் சான்சலராக நியமித்ததும் அவரேதான். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

1945இல் நேச நாடுகள் இந்தத் தவற்றைச் செய்யவில்லை. பெர்லினில் ஜெர்மன் படைத் தலைமையிலிருந்த ஃபீல்டு மார்ஷல் கைட்டலையே உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். நிலம் முன்னைவிட அதிகம் போனது, நாடு இரண்டாக உடைந்தது, கிழக்கிலிருந்து ஒரு கோடிக்கு மேல் ஜெர்மானியர்கள் துரத்தப்பட்டார்கள். கடுமைதான் ஹிட்லர்களை உண்டாக்கும் என்றால் அப்போது நாலு ஹிட்லர் முளைத்திருக்க வேண்டும். அமெரிக்காவின் மார்ஷல் திட்ட உதவியும் 1953 லண்டன் ஒப்பந்தத்தில் கடனில் பாதிக்குத் தள்ளுபடியும் கிடைத்தன, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "நாங்கள் தோற்கவே இல்லை" என்று சொல்ல அந்த முறை யாருக்கும் வாய் இல்லை.

ஒப்பந்தத்தில் எழுதியது எப்போது நிற்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையை இடித்தார்கள். 1761இல் பிரிட்டிஷார் பதிலுக்குப் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கினார்கள். 1763இல் சமாதானம், பிரெஞ்சுக்காரர்களுக்கு ஊர் திரும்பக் கிடைத்தது. மறுபடி சண்டை, மறுபடி சமாதானம். 1783இல் கடலூரில் முற்றுகை நடந்துகொண்டிருந்தபோதே ஐரோப்பாவிலிருந்து சமாதானச் செய்தி கப்பலில் வந்துசேர, அப்படியே நிறுத்தினார்கள். கடைசியாக 1814 பாரிஸ் ஒப்பந்தத்தில், திருப்பித் தரும் இடங்களில் கோட்டை கட்டக் கூடாது, காவலுக்குத் தேவையான சிப்பாய்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று பிரிட்டிஷார் எழுதி வாங்கினார்கள். அதன்பின் 1954 வரை பிரான்ஸ் புதுச்சேரியை வைத்திருந்தது, ஊர் மறுபடி போர்க்களம் ஆகவில்லை. அந்த ஷரத்து நின்றதற்குக் காரணம், சுற்றிலும் பிரிட்டிஷ் இந்தியா இருபத்துநாலு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருந்தது. ஜெர்மனி விஷயத்தில் அப்படிப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அமெரிக்கா உடன்படிக்கைக்கு ஒப்புதலே தரவில்லை, பிரிட்டனுக்கு ஆர்வம் போய்விட்டது. 1936இல் ஹிட்லர், படை வைக்கக் கூடாது என்று உடன்படிக்கை தடுத்திருந்த ரைன்லாந்துக்குள் படையை அனுப்பியபோது பிரான்ஸும் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

கோட்டை என்றதும் சொல்லியே ஆக வேண்டும். புதுச்சேரி பீச் ரோட்டில் மஞ்சள் சுவர் முன்னால் போட்டோ எடுக்க சென்னையிலிருந்து கார் கார்களாக வருகிறார்கள், கடலூர் வராமலேயே திரும்பிவிடுகிறார்கள். தேவனாம்பட்டினத்தில் அந்தக் கோட்டையின் மிச்சம் இருப்பது கடலூர்க்காரர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. கிளைவ் இருந்த ஊர், முற்றுகை கண்ட ஊர், எங்களுக்கு ஒரு நல்ல பெயர்ப்பலகைகூட இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். வேறு எங்கே போய்ச் சொல்வது?

ஹிட்லருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்றோ, ஜெர்மனியைப் பாவம் என்கிறேன் என்றோ கமெண்டில் வர வேண்டாம். 1918 மார்ச்சில் பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் ஒப்பந்தத்தில் ரஷ்யாவிடம் அதே ஜெர்மனி பிடுங்கிய நிலத்தைப் பாருங்கள், வெர்செய்ல்ஸ் சாது மாதிரி தெரியும்.

உங்கள் தேர்வுக்கு: கைடில் உள்ள ஐந்து பாயிண்ட்டையும் முதலில் வரிசையாக எழுதிவிடுங்கள். 1928, 1932 கணக்கைக் கடைசிப் பத்தியில் வையுங்கள். மேலே வைத்தால் மார்க் போகிறது.